டஃபோனமி என்னும் புதைவியல்

தொல்பழங்காலக் குகைகளில் கிடைத்த கற்கருவிகளையும் விலங்கெலும்புகளையும் பற்றிய ஆய்வறிக்கைகளில் 'டஃபோனமி' என்ற சொல் அடிக்கடி வரும். ஓர் உயிர் இறந்தது முதல் அதன் எச்சம் ஆய்வாளரின் கைக்கு வந்து சேரும் வரை, அது தின்னப்பட்டதும் மிதிபட்டதும் வெயிலில் வெடித்ததும் நீரில் உருண்டதும் மண்ணில் கரைந்ததும் ஆகிய அனைத்தையும் ஆராயும் துறைக்கு அது பெயர்.

இச்சொல்லை 1940-இல் ஆக்கியவர் சோவியத் தொல்லுயிரியலாளர் இவான் எஃப்ரெமோவ். அறிவியல் புனைகதை எழுத்தாளர் என்ற வகையில் அவரை அறிந்தவர்களே இன்று மிகுதியாக இருக்கக்கூடும். கிரேக்கத்தில் 'தாஃபோஸ்' என்பது அடக்கத்தையும் கல்லறையையும், 'நோமோஸ்' என்பது விதியையும் குறிக்கும். உயிர்க்கோளத்தில் இருந்த எச்சங்கள் பாறைக்கோளத்துக்குள் செல்லும் வழியை ஆராய்வதே இத்துறை என்று அவர் வரையறுத்தார். தொல்லுயிரியலுக்காகப் பிறந்த சொல்லைத் தொல்லியலார் பின்னர் தமதாக்கிக் கொண்டனர்.

அவர்களுக்கு அது ஏன் தேவைப்பட்டது என்பதற்குத் தென்னாப்பிரிக்காவில் நடந்த ஒரு விவாதமே போதிய விளக்கம். மகபான்ஸ்காட் குகையில் கிடைத்த 7000-க்கும் மேற்பட்ட எலும்புத் துண்டுகளை ஆராய்ந்த உடற்கூற்றியலாளர் ரேமண்ட் டார்ட், சில எலும்புகள் மிகுதியாகவும் சில அரிதாகவும் இருப்பதைக் கண்டு, ஆதி மனிதக் குடும்பத்தினர் எலும்பையும் பல்லையும் கொம்பையும் கருவிகளாகத் தெரிந்தெடுத்துச் சேர்த்தனர் என்று முடிவு செய்தார். முன்னங்கால் மேலெலும்பின் கீழ்முனைகள் மேல்முனைகளைவிடப் பன்மடங்கு கிடைத்ததற்கு, அவை அடிதடிகளாகப் பயன்பட்டதே காரணம் என்பது அவர் கருத்து. தொல்லுயிரியலாளர் சி. கே. பிரெய்ன் 1960-களில் நமீபியாவின் குயிசெப் ஆற்றங்கரைச் சிற்றூர்களுக்குச் சென்று, மக்கள் தின்றெறிந்து நாய்கள் கடித்துவிட்ட ஆட்டெலும்புகளைத் திரட்டி எண்ணினார். அங்கும் கீழ்முனையே மிகுந்திருந்தது. அது அடர்த்தியானது, இளமையிலேயே கெட்டிப்படுவது. மேல்முனை மென்மையானது, எளிதில் மென்று அழிக்கத் தக்கது. அந்த ஆடுகளின் எலும்பை எவரும் கருவிக்காகத் தெரிந்தெடுக்கவில்லை. தென்னாப்பிரிக்காவின் ஸ்வார்ட்கிரான்ஸ் குகையில் கிடைத்த, ஆதி மனிதக் குடும்பத்தைச் சேர்ந்த ஓர் இளம் பராந்த்ரோபஸின் மண்டையோட்டின் இரு துளைகளில் சிறுத்தையின் கீழ்க் கோரைப்பற்கள் பொருந்துவதையும் பிரெய்ன் காட்டினார். குகைக்கு எலும்பைக் கொண்டுவந்தவன் மனிதன் என்று எண்ணிய இடத்தில், அவனே இரையாகக் கொண்டுவரப்பட்டிருக்கிறான்.

ஆகவே ஒரே மண்ணடுக்கில் கற்கருவியும் மான் எலும்பும் கிடப்பது, அம்மானை மனிதன் உண்டான் என்பதற்குச் சான்றாகாது. எலும்பின் மேற்பரப்பைப் பெரிதாக்கிப் பார்க்கவேண்டும். கல்லின் விளிம்பால் அறுத்த தடம் குறுகி, ஆழத்தில் கூராகி, உட்புறத்தில் நுண்கோடுகள் ஓடுவதாக இருக்கும். ஊனுண்ணியின் பல் இழுத்த தடம் அடியில் வளைந்து அகன்றிருக்கும். விலங்குகள் மிதிக்கும்போது மணற்பரல் கீறிய கோடு வெட்டுத்தடத்தைப் போலவே தோன்றி ஏமாற்றும் என்பதால், ஒரு கோட்டை மட்டும் வைத்து எவரும் முடிவு கூறுவதில்லை. கற்கருவிகளுக்கும் இந்த விசாரணை உண்டு: விளிம்பு தேய்ந்திருப்பது பயன்பாட்டாலா, ஓடுநீரில் உருண்டதாலா என்று கேட்டே தீரவேண்டும்.

குகை எலும்புகளைக் குழப்புவதில் முள்ளம்பன்றிக்கு நிகரில்லை. குமரி மாவட்டத்தின் மலையோர விளைகளில் மரச்சீனிக் கிழங்கைத் தோண்டித் தின்னும் அதே விலங்கு, ஓயாமல் வளரும் தன் முன்பற்களைத் தேய்ப்பதற்காக உலர்ந்த எலும்புகளை வளைக்கு இழுத்துச் சென்று கொறிக்கும். அப்படிக் கொறித்த எலும்பு, பட்டையான இணைகோடுகளுடன், திட்டமிட்டுச் செதுக்கியது போலவே இருக்கும். 1880-களில் நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட்டும் அவர் மகன் ஹென்றியும் ஆந்திரத்தின் கர்நூல் வட்டாரத்துப் பில்லசுர்க்கம் குகைகளில் எடுத்தவற்றைப் போன்ற எலும்புத் தொகுதி எதுவாயினும், அதில் உள்ள கருவிகள் என்று கூறப்படுபவை முதலில் இந்தச் சோதனையைத் தாண்டவேண்டும்.

கர்நூல் குகைகளில் எலும்பு நிலைத்ததற்கு அங்குள்ள சுண்ணாம்புக்கல் பெருந்துணை. நம் குமரி மாவட்டத்து நிலைமை வேறு. சிதறால் மலையில் சமணத் தீர்த்தங்கரர் சிற்பங்களுக்கு நிழல் தரும் பாறை ஒதுக்கைப் பார்ப்பவர்க்கு, அதற்கு நெடுங்காலம் முன்பும் இத்தகைய ஒதுக்குகளில் மனிதர் தங்கியிருக்கமாட்டார்களா, அவர்கள் தின்றெறிந்த எலும்பு எங்கே என்று தோன்றலாம். சார்னோகைட், நைஸ் என்னும் கடும்பாறைகள் சிதைந்து உண்டான அமிலத்தன்மை மிக்க செம்மண்ணும், இரு பருவமழைகளும் சேர்ந்தால் எலும்பு நெடுநாள் நிற்பது அரிது. எனவே அது கிடைக்காததை ஆள் இல்லாததாகக் கொள்ளக்கூடாது. கல் கரைவதில்லை. நெல்லை, தூத்துக்குடிப் பகுதித் தேரிகளின், அதாவது செம்மணல் மேடுகளின், நுண்கற்கருவிகளை 1956-இல் ஆய்வாளர்கள் சாய்னரும் ஆல்ச்சினும் விளக்கி எழுதினர்; அத்தேரி மக்களின் வாழ்வை நாம் பெரும்பாலும் கல்லைக் கொண்டே அறிகிறோம்.

தமிழில் இத்துறையைப் 'புதைபடிவவியல்' என்றால் தொல்லுயிரியலோடு மயங்கும். மேலும், குகை எலும்புகளில் பல இன்னும் படிவமாகவே மாறாதவை. பொருளளவில் மிகப் பொருந்துவது 'எச்சவியல்'. ஆனால் தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் இறுதி இயலுக்கு அப்பெயர் முன்பே உரியதாகிவிட்டது. பறவை எச்சத்தின் நினைவும் உடன் வரும். எஞ்சுவது 'புதைவியல்'. புதையுமுன் நேர்ந்தவை அதில் அடங்குமா என்று கேட்கலாம். கிரேக்க மூலத்திலும் கல்லறை மட்டுமே இருக்கிறது. வழக்கே அதன் பொருளை விரித்தது. தமிழிலும் அவ்வாறே விரியும். இதனைச் சார்ந்து வெட்டுத்தடம், கடிதடம், கொறிதடம், மிதிதடம் என்று எழுதலாம். 'முள்ளம்பன்றிக் கொறிதடம் கொண்ட எலும்புகள் புதைவியல் ஆய்வில் தனியே பிரிக்கப்பட்டன' என்பது போன்ற தொடரில் எவ்விடத்தும் தடை தோன்றவில்லை.