டி.என்.ஏ.வில் யுராசில் ஏன் இல்லை?

"ஆர்.என்.ஏ.வில் யுராசில் இருக்கிற இடத்தில் டி.என்.ஏ.வில் தைமின் இருக்கும் என்று மனப்பாடம் செய்தேன். ஏன் அப்படி என்று எங்கேயும் எழுதவில்லையே?" ஒரு மாணவி கேட்டிருந்தார். தேர்வில் எழுதிவிட்டு எல்லோரும் கடந்துபோகிற வரியில் அவர் நின்றுவிட்டார். டி.என்.ஏ., ஆர்.என்.ஏ. எனும் நியூக்ளிக் அமிலங்களில் எனக்கு மிகவும் பிடித்த விஷயமே அந்தக் கேள்விக்குள்தான் இருக்கிறது.

அடிப்படை தெரிந்ததுதான். சர்க்கரையும் பாஸ்பேட்டும் மாறி மாறிக் கோத்த இரண்டு இழைகள். நடுவே மரபுச் செய்தியின் எழுத்துகளான காரங்கள்: அடினைனுக்கு எதிரில் தைமின், குவானைனுக்கு எதிரில் சைட்டோசின். தேவைப்படும் பகுதி ஆர்.என்.ஏ.வாகப் படியெடுக்கப்படும், செல்லின் புரதத் தொழிற்சாலையான ரைபோசோம் அதைப் படித்துப் புரதம் கட்டும்.

இப்போது யுராசிலையும் தைமினையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரே வளையம். இரண்டுமே அடினைனோடுதான் ஜோடி சேரும். தைமினில் ஒரு மெத்தில் தொகுதி, அதாவது ஒரு கார்பனும் மூன்று ஹைட்ரஜனும், கூடுதலாக ஒட்டியிருக்கிறது. வித்தியாசம் அவ்வளவுதான். ஆனால் அதை ஒட்டவைக்கத் தனி நொதி வேண்டும், ஃபோலேட் வைட்டமினும் வேண்டும். புற்றுநோய்க்குக் கொடுக்கும் 5-ஃப்ளோரோயுராசில் அந்த நொதியைத்தான் முடக்குகிறது. தைமின் கிடைக்காத செல் பெருக முடியாமல் சாகிறது. யுராசிலே போதுமென்றால் செல்லுக்கு இத்தனை பாடு எதற்கு?

விடை சைட்டோசினிடம் இருக்கிறது. அதன் வளையத்தில் ஓர் அமினோ தொகுதி, அதாவது ஒரு நைட்ரஜனும் இரண்டு ஹைட்ரஜனும், உண்டு. செல்லுக்குள் எங்கும் தண்ணீர். நொதியோ கதிர்வீச்சோ வேண்டாம். தண்ணீரோடு வினைபுரிந்தே எப்போதாவது ஒரு சைட்டோசின் அந்த அமினோ தொகுதியை இழக்கிறது, அந்த இடத்தில் ஆக்சிஜன் வந்து உட்கார்ந்துகொள்கிறது. இப்போது அது சைட்டோசின் இல்லை, யுராசில்! நம் செல் ஒவ்வொன்றிலும் ஒரு நாளைக்குச் சுமார் 100 முறையாவது இது நடக்கிறது.

டி.என்.ஏ.விலும் யுராசில்தான் வழக்கமான எழுத்து என்றிருந்தால், பிறவி யுராசில் எது, கெட்டுப்போன சைட்டோசின் எது என்று பிரித்தறிவது பெரும்பாடு. விட்டுவிட்டால், நகலெடுக்கும்போது அந்த யுராசில் தனக்கு எதிரில் அடினைனைக் கூட்டிவந்துவிடும். மரபுச் செய்தி அந்த இடத்தில் மாறிப்போகும். தைமினின் மெத்தில் தொகுதி ஒரு முத்திரை. அது இல்லாத யுராசில் டி.என்.ஏ.வில் தட்டுப்பட்டால், அங்கே இருக்கக் கூடாதது என்று உடனே தெரிந்துவிடும்.

கண்டுபிடிக்கிற வேலை யுராசில் டி.என்.ஏ. கிளைகோசைலேஸ் என்ற நொதியுடையது. இழை நெடுகத் தேடிப்போய், காரத்தைச் சுருளிலிருந்து வெளியே புரட்டித் தன் குழிக்குள் வைத்துப் பார்க்கிறது. அந்தக் குழி யுராசிலுக்கு அளவெடுத்துச் செய்தது. தைமின் வந்தால் அதன் மெத்தில் தொகுதி அங்கிருக்கும் டைரோசின் என்ற அமினோ அமிலத்தில் இடிக்கும், உள்ளே நுழையாது. யுராசில் கச்சிதமாக உட்காரும். உட்கார்ந்ததும் சர்க்கரையோடு அதற்கிருக்கும் பிணைப்பை நொதி வெட்டிவிடும். பிறகு வேறு நொதிகள் வந்து, எதிரிலுள்ள குவானைனைப் பார்த்துப் புதுச் சைட்டோசின் வைத்து இழையை ஒட்டுகின்றன. ஒற்றை மெத்தில் தொகுதி தடுக்கி நிற்பதை நம்பி நம் மரபுச் செய்தி பத்திரமாக இருக்கிறது என்பதை நினைத்தால் இன்றும் எனக்குச் சிலிர்க்கிறது.

இந்த நொதியை 1974-ல் கண்டறிந்தவர் சுவீடன் நாட்டவரான தோமஸ் லிண்டால். மருந்து தேடிக் கிளம்பியவர் இல்லை, டி.என்.ஏ. எந்த அளவுக்கு உறுதியானது என்று தெரிந்துகொள்ள விரும்பினார். 2015-ல் வேதியியல் நோபல் பரிசு மூவருக்குப் பகிர்ந்து தரப்பட்டபோது அவரும் ஒருவர். "இதனால் உடனடிப் பயன் என்ன?" என்று கேட்டே நிதி ஒதுக்குகிறவர்கள், இப்படிப்பட்ட கேள்விகளை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுகிறார்கள் என்ற வருத்தம் எனக்கு உண்டு.

ஆர்.என்.ஏ.வுக்கு ஏன் முத்திரை இல்லை? பெரும்பாலும் அதற்கு ஆயுள் குறைவு. ஒரு பிரதி கெட்டால் அழித்துவிட்டு இன்னொன்று எடுத்துக்கொள்ளலாம். மூலம் பத்திரமாக இருக்கிறதே.

இந்த ஏற்பாட்டிலும் ஓர் ஓட்டை உண்டு. சில மரபணுக்களை அடக்கிவைக்க, குவானைனுக்கு முன்னால் நிற்கும் சைட்டோசின்களின் மேலும் செல் மெத்தில் தொகுதியை ஒட்டுகிறது. அப்படிப்பட்ட சைட்டோசின் அமினோ தொகுதியை இழந்தால் கிடைப்பது அசல் தைமின், முத்திரையோடு. எதிரில் குவானைன் நிற்பதைப் பார்த்துத் திருத்தும் நொதிகள் உண்டென்றாலும், பல தவறுகள் தப்பிவிடுகின்றன. நம் மரபணுத் தொகுதியில் சைட்டோசினை அடுத்துக் குவானைன் வரும் இடங்கள், இருந்திருக்க வேண்டியதில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான் இன்று மிஞ்சியிருக்கின்றன.