தொட்டியில் நீர் நிறைக்கும் முன்னர்

மீன் தொட்டி அமைப்பதையே தொழிலாகக் கொண்டவன் என்பதால், மீன்கள் தொடர்ந்து சாகின்றன என்று அழைக்கும் திருகோணமலை வீடுகளுக்கு அடிக்கடி போய்வருகிறேன். பெரும்பாலும் ஒரே காட்சிதான்: யன்னலோரத்தில் வெயில் விழும் தொட்டி, அடியில் கடற்கரை மணல், அதன்மேல் அழகுக்கு வைத்த முருகைக்கற்கள், இடம் கொள்ளாத மீன்கள்.

கடந்த ஆண்டு உப்புவெளியில் பார்த்த தொட்டியும் அப்படியே இருந்தது. அந்த வீட்டு அம்மா வாரந்தோறும் நீர் முழுவதையும் இறைத்து மணலை அலசி வந்தார். உழைப்பில் ஒரு குறையும் இல்லை. அடி மணலில் ஒரு பிடி எடுத்துப் பீங்கான் தட்டில் வைத்து, அவருடைய சமையலறை வினாகிரியில் சில துளிகள் விட்டேன். சோடாப் போத்தலைத் திறந்ததுபோல் நுரைத்தது. சிப்பித் தூளிலும் முருகைத் துகளிலும் உள்ள கல்சியம் காபனேற்று மெல்லக் கரைந்து நீரின் வன்மையையும் (கரைந்த கல்சிய உப்புகளின் அளவையும்) காரத்தன்மையையும் உயர்த்துகிறது. மீன் கழிவிலிருந்து வரும் அமோனியாவோ காரத்தன்மை கூடிய நீரில் மேலும் நஞ்சாகிறது. அதைச் சிதைக்கும் பக்ரீரியாக்கள் மணலிலும் வடிகட்டிப் பஞ்சிலும்தான் குடியிருக்கின்றன. வாராந்தக் கழுவலில் அவையும் போய்விடுகின்றன. முருகைக்கல் வேறு விதத்திலும் வேண்டாத பொருள்: நிலாவெளிக் கடலிலுள்ள புறாத்தீவு 2003 முதல் தேசியப் பூங்கா, அங்கிருந்து அதை எடுத்துவருவது சட்டப்படி குற்றம்.

அதிக வேலை வைக்காத தொட்டிக்கு 60 சென்ரிமீற்றர் நீளமும் 30 சென்ரிமீற்றர் அகல உயரமும் போதும். கொள்ளளவு 54 லீற்றர். மணலும் கண்ணாடியும் சேர்ந்தால் 60 கிலோவைத் தாண்டும் என்பதால், ஆடாத மேசையாகவும் வெயில் படாத சுவரோரமாகவும் பார்த்து வைக்க வேண்டும். அடியில் உரமும் சாணமும் சேராத, உப்பு ஏறாத மண்ணைச் சலித்து 2.5 சென்ரிமீற்றர் பரப்பி, அதே கனத்துக்குக் கழுவிய ஆற்று மணலால் மூட வேண்டும். யூரியா கலந்திருக்கக்கூடிய வயல் மண் வேண்டாம். ஆற்று மணலையும் முதலில் வினாகிரியால் சோதித்துவிடுங்கள்.

தாவரங்களை முதல் நாளே நெருக்கமாக நட வேண்டும், ஏனெனில் அவை விட்ட இடத்தைப் பாசி பிடித்துக்கொள்ளும். வன்னீரைத் தாங்கும் வலிஸ்நேரியாவைப் பின்புறத்திலும், நம் நாட்டுக்கே உரிய கிரிப்டோகொரைன் வென்டியை முன்புறத்திலும் வைப்பது என் வழக்கம். கிரிப்டோகொரைன் இடம் மாறியதும் இலைகள் முழுவதும் கரைந்து போகலாம். வேரிலிருந்து மறுபடி தளிர்க்கும் என்று தெரியாமல் பிடுங்கி எறிந்தவர்கள் பலர். அனுபியாஸின் கிழங்குத் தண்டை மணலில் புதைத்தால் அழுகிவிடும்; நூலால் கல்லில் கட்டுங்கள். எல்.ஈ.டி. விளக்கு நாளுக்கு ஏழு மணி நேரம் எரிந்தால் போதும்.

குழாய் நீரைத் திறந்த வாளியில் ஒரு நாள் வைத்துக் குளோரினை வெளியேற விட்ட பின் நிறைக்கவும். அதன்பின் நான்கு முதல் ஆறு வாரங்கள், பக்ரீரியாக்கள் பெருகும்வரை, மீன் கூட்டத்தை விடக்கூடாது. ஆனால் மீனில்லாத தொட்டி நுளம்புக் குடம்பிகளுக்கு நல்ல வீடு. டெங்கு பரவும் ஊரில் அதை அனுமதிக்க முடியாது. ஆகவே முதல் வாரத்திலேயே இரண்டு ஆண் கப்பி மீன்களை விட்டு, மிகக் குறைவாக உணவிட்டு வருகிறேன். பின்னர் மொத்தம் எட்டு, அனைத்தும் ஆண்களாக. பெண் கப்பி ஒன்று இருந்தாலும் ஏறத்தாழ மாதத்துக்கு ஒருமுறை குஞ்சுகளை ஈன்று தொட்டியை நிரப்பிவிடும்.

கச்சான் காற்று வீசும் மாதங்களில் நீர் சூடேறி ஒட்சிசன் குறைகிறது. மீன்களின் எண்ணிக்கையைக் குறைவாக வைக்கச் சொல்வது இதற்காகவே. 2022 மார்ச் இறுதியில் 13 மணி நேரம் வரை மின்வெட்டு நீடித்தபோது, மீன் நெருக்கமான தொட்டிகளிலிருந்துதான் எனக்கு அழைப்புகள் வந்தன. மேலும், ஆவியாகி வெளியேறுவது நீர் மட்டுமே, உப்புகள் தங்கிவிடும். குறைந்த அளவை நிரப்பினால் போதும் என்று இருக்காமல், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கால்பங்கு நீரை மாற்ற வேண்டும். வடிகட்டிப் பஞ்சை, வெளியே எடுத்த அந்த நீரிலேயே பிழிந்தெடுங்கள்.

உப்புவெளி அம்மா இப்போது அழைப்பது, மண்டிவிட்ட வலிஸ்நேரியாவை எங்கே போடுவது என்று கேட்கத்தான். குளத்திலோ வாய்க்காலிலோ கொட்டிவிடாமல் கடைக்கு அனுப்பும்படி சொல்லியிருக்கிறேன்.