50 எம்எம் லென்ஸ் 80 எம்எம் ஆகுமா?

புதிதாக கேனான் டிஎஸ்எல்ஆர் கேமரா வாங்கிய வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "இதில் 50 எம்எம் லென்ஸைப் போட்டால் 80 எம்எம் ஆகிவிடும் என்று கடையில் சொன்னார்கள், நிஜமா?" ஆகாது. 50 எம்எம் என்பது லென்ஸின் குவியத் தொலைவு, தூரத்துக் காட்சி லென்ஸிலிருந்து எவ்வளவு தள்ளித் தெளிவாக விழும் என்ற அளவு. அது லென்ஸின் சொந்தக் குணம், பின்னால் படத்தைப் பதிவுசெய்யும் சென்சார் எதுவாக இருந்தாலும் மாறாது. ஆனாலும் கடைக்காரர் சும்மா சொல்லவில்லை.

ஒரு பூதக்கண்ணாடி இருந்தால் வீட்டிலேயே பார்த்துவிடலாம். பகலில் விளக்கை அணைத்து, ஒரே ஒரு ஜன்னலைத் திறந்து வைத்து, எதிர்ச்சுவரில் ஒரு வெள்ளைத் தாளை ஒட்டி, அதற்கு முன்னால் கண்ணாடியை மெதுவாக முன்னும் பின்னும் நகர்த்துங்கள். ஓரிடத்தில் வெளியே நிற்கும் மரம் தலைகீழாகத் தாளில் வந்து விழும், கலரோடு, காற்றில் இலை அசைவது உட்பட. எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுப்பதில்லை. இப்போது கண்ணாடியை அசைக்காமல், தாளை எடுத்துவிட்டு அதே இடத்தில் ஒரு பஸ் டிக்கெட்டைப் பிடியுங்கள். மரம் பெரிதாகவும் இல்லை, சிறிதாகவும் இல்லை, டிக்கெட்டில் விழுந்த துண்டு மட்டும் உங்களுக்கு. (குவிலென்ஸைப் பீரோவில் பூட்டி வைத்துக்கொண்டு கரும்பலகையில் கதிர்ப்படம் வரையும் பள்ளிகள் இன்னும் இருக்கின்றன. ஆளுக்கொரு லென்ஸைக் கையில் கொடுத்தால் என்ன?)

கேமராவிலும் இதேதான். லென்ஸ் உள்ளே ஒரு வட்டமான பிம்பத்தைப் போடுகிறது, சென்சார் அதில் ஒரு செவ்வகத்தை எடுத்துக்கொள்கிறது. ஃபுல் ஃபிரேம் சென்சார் 36×24 எம்எம், பழைய ஃபிலிம் அளவு. உங்களுடையது ஏபிஎஸ்-சி என்ற சின்ன அளவு, சுமார் 22×15. அகலத்தில் 1.6 மடங்கு குறைவு, அதனால் படத்தில் அடங்கும் காட்சி ஃபுல் ஃபிரேமில் 80 எம்எம் லென்ஸ் காட்டும் அளவுதான். கடைக்காரரின் 80 அங்கிருந்து வந்தது.

நிலாவை எடுத்துப் பாருங்கள். 200 எம்எம் லென்ஸில் முழுநிலவின் பிம்பம் ஏறக்குறைய 1.8 எம்எம், எந்த சென்சாராக இருந்தாலும் சரி. ஃபுல் ஃபிரேமில் அது படத்தின் உயரத்தில் பதின்மூன்றில் ஒரு பங்கு, உங்கள் கேமராவில் எட்டில் ஒரு பங்கு, அதனால் பெரிதாகத் தெரிகிறது. நிலாவில் கூடுதல் விவரம் கிடைக்குமா என்பது வேறு கேள்வி, அதைத் தீர்மானிப்பது ஒவ்வொரு பிக்சலும் எவ்வளவு சிறியது என்பதுதான்.

அப்புறம் பின்னணி மங்கல். ஃபுல் ஃபிரேமில் 2 மீட்டரிலிருந்து எடுத்த அதே முகப்படத்தை அதே 50ஐ வைத்து நீங்கள் எடுக்க, சுமார் 3.2 மீட்டருக்குப் பின்னால் போக வேண்டும். தள்ளிப் போகப் போகப் பின்னணியின் மங்கல் குறையும். முகத்தின் அமைப்பும் கொஞ்சம் மாறும், மூக்கு அவ்வளவு எடுப்பாகத் தெரியாது, அதுவும் தூரத்தின் வேலைதான். லென்ஸின் திறப்பு எஃப் 1.8 என்றால் வெளிச்சக் கணக்கு மட்டும் இரண்டிலும் ஒன்றே, ஷட்டர் வேகத்தை மாற்ற வேண்டாம்.

சின்ன சென்சாருக்கு ஒரு லாபமும் உண்டு. லென்ஸின் பிம்பம் நடுவில் கூர்மையாகவும் ஓரத்தில் சற்று மங்கி இருண்டும் இருக்கும், ஃபுல் ஃபிரேம் லென்ஸை மாட்டினால் அந்த ஓரம் உங்கள் படத்துக்குள் வரவே வராது.

சரி, ஃபுல் ஃபிரேமில் 50 காட்டும் காட்சி உங்களுக்கும் வேண்டுமென்றால் 50ஐ 1.6ஆல் வகுங்கள், 31 வரும். அதற்குப் பக்கத்தில் 30 அல்லது 35 எம்எம் கேட்டு வாங்குங்கள்.