காஸ்கேட் என்பது அடுக்கு அல்ல

வலைப்பக்கத்தின் நிறத்தையும் அமைப்பையும் சொல்லும் சிஎஸ்எஸ் (காஸ்கேடிங் ஸ்டைல் ஷீட்ஸ்) என்பதற்கு 'அடுக்கு நடைத்தாள்' என்று போட்டிருந்த பாடக் குறிப்பு ஒன்று போன வாரம் மறுபடி கண்ணில் பட்டது. அதைப் படித்துவிட்டு வந்த தம்பி ஒருவன், ஒரு பட்டனைச் சிவப்பாக்க முடியாமல் அரைமணி நேரமாகத் திணறிக்கொண்டிருந்தான். பட்டனுக்கு எந்த விதிகள் பொருந்தும் என்று பெயர் சொல்லும் கிளாஸ் இடத்தில் 'நீலம் சிவப்பு' என்று எழுதியிருக்கிறான். (கிளாஸ் பெயரைத் தமிழிலேயே வைக்கலாம், பிரௌசர் மறுப்பதில்லை.) "அண்ணா, சிவப்பைத்தானே கடைசியா அடுக்கியிருக்கேன்?" என்றான். பட்டன் நீலமாகவே இருந்தது. அவனைக் குறை சொல்ல மாட்டேன். அவனுக்குக் கொடுத்த சொல் அப்படி.

காஸ்கேட் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. அதற்கு மூலம் இத்தாலியத்தில் 'விழு' என்னும் பொருளுள்ள வினை. பாறைப் படிகளில் விழுந்து விழுந்து இறங்கும் சிற்றருவிக்கு அது பெயர். சிஎஸ்எஸ்ஸை உருவாக்கிய ஹோகன் வியூம் லீ 1994 அக்டோபரில் வெளியிட்ட முன்மொழிவின் தலைப்பிலேயே இந்தச் சொல் இருந்தது. 1996 டிசம்பரில் சிஎஸ்எஸ் முதல் நிலை வந்தது.

அடுக்கு என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது அடுக்குப் பானை, அடுக்குமாடி, அடுக்கு மல்லி. ஒன்றன்மேல் ஒன்று உட்கார்ந்திருக்கும். மேலே இருப்பது கீழே இருப்பதை மறைக்கும். காஸ்கேடில் எதுவும் உட்கார்ந்திருப்பதில்லை. ஒரே நிறத்துக்கு இரண்டு விதிகள் மோதினால், விதி யாருடையது என்று பிரௌசர் முதலில் பார்க்கும்: பிரௌசருடையதா, பயனருடையதா, தளம் செய்தவருடையதா. அதில் தீராவிட்டால் வழக்கு ஒரு படி இறங்கும்: எந்த செலக்டர் (விதி எதற்குப் பொருந்தும் என்று சொல்லும் பகுதி) அதிகக் குறிப்பானது? அதிலும் சமம் என்றால் கடைசிப் படி: ஸ்டைல்ஷீட்டில் எது பின்னால் எழுதப்பட்டது? கிளாஸ் இடத்தில் பெயர்கள் நிற்கும் வரிசையை எந்தப் படியிலும் யாரும் கேட்பதில்லை. தம்பியின் ஸ்டைல்ஷீட்டில் நீலத்தின் விதி சிவப்பின் விதிக்குக் கீழே கிடந்தது. இரண்டையும் இடம் மாற்றினான், பட்டன் சிவந்தது.

கோட் எழுதாமலே வலைத்தளம் செய்ய உதவும் வெப்ஃப்ளோ மாதிரிக் கருவிகள் இந்தக் குழப்பத்துக்கு எண்ணெய் ஊற்றுகின்றன. அங்கே கிளாஸ் பெயர்கள் இடமிருந்து வலமாகக் கட்டம் கட்டமாக நிற்கும். முதலாவது அடிப்படை, அடுத்துச் சேர்ப்பது காம்போ. சேர்த்த வரிசைதான் ஜெயிக்க வைக்கிறது என்று தோன்றும். உண்மையில் காம்போவுக்கு அந்தக் கருவி இரண்டு பெயரையும் ஒட்டிய செலக்டரை எழுதுகிறது. அதன் குறிப்புத்தன்மை கூடிவிடுவதால்தான் அது ஜெயிக்கிறது.

போதாக்குறைக்கு, விதிகளைத் தொகுதிகளாகப் பிரித்து எந்தத் தொகுதி எதை வெல்லும் என்று வரிசைப்படுத்தும் லேயர் என்ற வசதியே 2022இல் பிரௌசர்களுக்கு வந்துவிட்டது. அதுதான் அசல் அடுக்கு. காஸ்கேடும் அடுக்கு, லேயரும் அடுக்கு என்றால் 'காஸ்கேட் லேயர்' என்பதை 'அடுக்கு அடுக்கு' என்று எழுதுவதா? இலக்கணத்தில் அதற்கு அடுக்குத்தொடர் என்று பெயர்.

காஸ்கேடுக்கு 'விழுத்தொடர்' என்று எழுதுவோரும் உண்டு. விழுதலை நினைத்தார்களே என்று மகிழலாம். ஆனால் அந்த 'த்' எதற்கு? விழுகிற தொடர் என்றால் வினைத்தொகை, அங்கே வல்லினம் மிகாது. மிகுந்தால் அது விழுப்புண், விழுச்செல்வம் போன்ற 'விழு'. சிறந்த தொடர் என்று பொருளாகிவிடும். சிஎஸ்எஸ் எழுதிப் பார்த்த யாரும் அந்தப் பட்டத்தைத் தர மாட்டார்கள். பிரௌசரைத் திறக்காமல் அகராதியை மட்டும் திறப்பவர்களால் வரும் வினை இது.

இழிதல் நல்ல பழஞ்சொல், அருவிக்கே உரியது. இன்று இழிவு என்று மட்டுமே காதில் விழும். வழிதல் என்றால், பெட்டியில் அடங்காமல் உள்ளடக்கம் வெளியே வழிவதைக் குறிக்கும் ஓவர்ஃப்ளோவோடு முட்டும். நான் 'படியிறக்கம்' என்கிறேன். தாளுக்குப் 'படியிறங்கு நடைத்தாள்'. படியும் இருக்கிறது, இறங்குவதும் இருக்கிறது. நீளமாக இருக்கிறது என்பார்கள். இருக்கட்டும், தினசரிப் பேச்சுக்கு சிஎஸ்எஸ் இருக்கிறதே.