951 ஓட்டில் ஒரு வேட்பாளர்: உள்கட்சித் தேர்தல் இழுபறியின் கணக்கு

2022 மே 17 அன்று அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் குடியரசுக் கட்சிக்காரர்கள் தங்கள் செனட் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க ஓட்டுப் போட்டார்கள். சுமார் 13.5 லட்சம் ஓட்டுகள் விழுந்தன. தொலைக்காட்சியால் பிரபலமான மருத்துவர் மெஹ்மத் ஆஸ், முதலீட்டு நிறுவனம் ஒன்றை நடத்திவந்த டேவிட் மெக்கார்மிக் இருவருக்கும் ஆளுக்கு ஏறத்தாழ 4.2 லட்சம். கடைசிக் கணக்கில் ஆஸ் 951 ஓட்டு முன்னால் நின்றார். நவம்பர் பொதுத்தேர்தலில் ஜனநாயகக் கட்சியின் ஜான் ஃபெட்டர்மேனிடம் சுமார் 5 சதவீதப் புள்ளியில் தோற்றார். மெக்கார்மிக்கை நிறுத்தியிருந்தால் அந்த செனட் இடம் குடியரசுக் கட்சியின் கைக்கு வந்திருக்குமா என்ற வாக்குவாதம் இன்றும் ஓயவில்லை. அதற்குப் பதில் தேடுமுன், 951 என்ற எண்ணுக்கு என்ன எடை உண்டு என்று பார்த்துவிட வேண்டும்.

இவர்கள் இருவருக்கும் ஓட்டுப் போட்டவர்கள் கிட்டத்தட்ட 8.4 லட்சம் பேர். அத்தனை பேரும் பூவா தலையா போட்டுப் பார்த்து ஓட்டளித்ததாக வைத்துக்கொள்வோம். அப்போதும் இரு பக்கமும் சரிசமமாக வந்துவிடாது. இப்படிப்பட்ட குலுக்கலில் வழக்கமாக வரும் வித்தியாசம், மொத்த எண்ணிக்கையின் வர்க்கமூலம் அளவில் இருக்கும். 8,40,000-இன் வர்க்கமூலம் சுமார் 916. 951 அல்லது அதற்கு மேல் வித்தியாசம், யாராவது ஒருவர் பக்கம், பத்துக்கு மூன்று முறை வெறும் தற்செயலாலேயே வரும். வாக்காளர்கள் காசு சுண்டவில்லை, யோசித்துத்தான் போட்டார்கள். ஆனால் ஆஸ்தான் பலசாலி என்று இந்த இடைவெளியை வைத்துச் சொல்ல வழியில்லை. ஒரு மாவட்டத்தில் பெய்த மழையோ, வாக்குச்சீட்டில் யார் பெயர் மேலே வந்தது என்பதோகூட இதைப் புரட்டியிருக்கும். பென்சில்வேனியா உள்கட்சித் தேர்தலில் அந்தப் பெயர் வரிசையே சீட்டுக் குலுக்கித்தான் முடிவாகிறது.

இன்னொன்று: இது மூடிய தேர்தல். அந்தக் கட்சியின் பெயரில் பதிவு செய்தவர்கள் மட்டுமே போடலாம். தேர்தலுக்கு 15 நாள் முன்பு பதிவு முடிந்துவிடும். இரண்டாம் சுற்றும் கிடையாது. ஆஸ் பெற்றது 31 சதவீதம்தான். மூன்றாவதாக வந்த கேத்தி பார்னெட் ஏறக்குறைய 25 சதவீதம் வாங்கினார். ஜார்ஜியா போல 50 சதவீதம் கட்டாயம் என்ற மாநிலமாக இருந்தால், முதல் இருவருக்கும் மறுபடி தேர்தல் நடந்து, பார்னெட்டின் ஆதரவாளர்கள் கையில் முடிவு போயிருக்கும்.

இனி எண்ணும் வேலை. தபால் ஓட்டுதான் இதில் சிக்கலான பகுதி. வாக்குச்சீட்டை ஒரு ரகசிய உறையில் போட்டு, அதை வெளி உறைக்குள் வைத்து, வெளி உறையில் கையெழுத்தும் தேதியும் இட வேண்டும். ரகசிய உறை இல்லாவிட்டால் ஓட்டு செல்லாது. தேர்தல் நாள் இரவு 8 மணிக்குள் அலுவலகம் வந்து சேர வேண்டும். அன்று காலை 7 மணிக்கு முன் உறையைத் திறக்கவே சட்டம் விடாது. ஆகவே இழுபறி என்றால் நாள்கணக்கில் காத்திருக்க வேண்டியதுதான்.

லான்காஸ்டர் மாவட்டத்தில் அன்று நடந்தது இது. ஒப்பந்ததாரர் அச்சிட்ட தபால் வாக்குச்சீட்டுகளில் அடையாளக் குறியீடு தவறாக இருந்தது. 21,000-க்கும் மேற்பட்ட சீட்டுகள் இந்தச் சிக்கலில் மாட்டின; மூன்றில் ஒரு பங்கைத்தான் இயந்திரம் படித்தது. மற்றவற்றைக் கையால் மாற்றி எழுத வேண்டி வந்தது. ஒரு ஊழியர் சீட்டைப் பார்த்து வாக்காளரின் தேர்வை உரக்கப் படிப்பார். இன்னொருவர் புதுச் சீட்டில் அதைக் குறிப்பார். பார்வையாளர் பக்கத்தில் நின்று கவனிப்பார். பிறகு புதுச் சீட்டு இயந்திரத்துக்குள் போகும். பொறுமையைச் சோதிக்கும் வேலை. இழுபறியில் மக்கள் முடிவை நம்புவதற்கு ஆதாரம் இந்த மூவரின் கவனம்தான் என்பேன்.

வித்தியாசம் 0.5 சதவீதத்துக்குள் இருந்தால் மாநிலச் சட்டப்படி மறு எண்ணிக்கை தானாக நடக்கும். தோற்றவர் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தால் மட்டும் நிற்கும். இங்கே வித்தியாசம் 0.07 சதவீதம். மறுபடி எண்ணும்போது முதலில் எண்ணிய வகை இயந்திரத்தையே பயன்படுத்தக்கூடாது. வேறு வகையிலோ கையாலோ எண்ண வேண்டும். வட்டத்தை நிரப்பாமல் சுற்றிக் கோடு போட்ட சீட்டு, மடிப்பில் மை ஒட்டிய சீட்டு, இருமுறை இயந்திரத்தில் போன கட்டு, தட்டச்சில் இடம் மாறிய எண் எல்லாம் இதில் அகப்படும். ஆனால் இந்தப் பிழைகள் இரு பக்கமும் சிதறிக் கிடப்பதால் ஒன்றையொன்று பெரும்பாலும் ஈடுகட்டிவிடும். 2000 முதல் 2019 வரை அமெரிக்காவில் நடந்த 5,778 மாநில அளவிலான தேர்தல்களில் 31-இல் மறு எண்ணிக்கை நடந்தது. முடிவு மாறியது மூன்றில். சராசரி நகர்வு 0.024 சதவீதம். 13.5 லட்சத்தில் அது சுமார் 320 ஓட்டு. மெக்கார்மிக்குக்குத் தேவைப்பட்டதோ இதைப் போல மூன்று மடங்கு.

அதனால்தான் அவர் தரப்பு வேறு இடத்தில் ஓட்டுத் தேடியது. வெளி உறையில் தேதி எழுதாத தபால் ஓட்டுகளையும் எண்ணச் சொல்லி வழக்குப் போட்டார்கள். வீண் முயற்சி என்று அதைத் தள்ளிவிட முடியாது. லீஹை மாவட்டத்தின் 2021 நீதிபதி தேர்தலில் 71 ஓட்டில் பின்தங்கியிருந்தவர், தேதியில்லாத 257 ஓட்டுகளை எண்ணியதும் 5 ஓட்டில் ஜெயித்தார். ஆனால் 2022 மே தேர்தலில் குடியரசுக் கட்சியின் தேதியில்லாத சீட்டுகள் சுமார் 860. அத்தனையும் தனக்கே விழுந்திருந்தாலும் 951-ஐ எட்டாது. ஜூன் 3 அன்று, மறு எண்ணிக்கை முடியும் முன்பே, மெக்கார்மிக் தோல்வியை ஒப்புக்கொண்டார்.

சரி, பொதுத்தேர்தல்? யார் வெல்வார் என்பது கிட்டத்தட்ட பூவா தலையா ஆகிவிடும் இடத்தில் ஆராய்ச்சியாளர்களுக்கு ஒரு சோதனைக்கூடம் கிடைக்கிறது. மிதவாதியும் தீவிரக் கருத்துள்ளவரும் மோதி, மயிரிழையில் முடிந்த உள்கட்சித் தேர்தல்களை எல்லாம் திரட்டினால், தீவிரர் தப்பித் தவறி வென்ற இடங்களும் மிதவாதி வென்ற இடங்களும் மற்றபடி ஒன்றுபோல இருக்கும். நவம்பரில் வரும் வேறுபாட்டை வேட்பாளரின் கணக்கில் எழுதலாம். அரசியல் அறிவியலாளர் ஆண்ட்ரூ ஹால் 1980 முதல் 2010 வரையிலான பிரதிநிதிகள் சபைத் தேர்தல்களில் இப்படிப் பார்த்தார். தீவிரரை நிறுத்திய கட்சி சராசரியாக 9 முதல் 13 சதவீதப் புள்ளி இழந்தது. ஹாலும் டேனியல் தாம்ப்சனும் 2018-இல் வெளியிட்ட ஆய்வு அதன் காரணத்தைக் காட்டியது: தீவிரர் நின்றால் சொந்தக் கட்சியை விட எதிர்க்கட்சிக்காரர்கள்தான் அதிகமாக வாக்குச்சாவடிக்கு வருகிறார்கள்.

ஆனால் பல தேர்தல்களின் சராசரியை ஒற்றைத் தேர்தலின் மேல் அப்படியே வைக்க முடியாது. அதே 2022-இல் அதே வாக்குச்சீட்டில் ஆளுநர் பதவிக்கு நின்ற குடியரசுக் கட்சியின் டக் மாஸ்ட்ரியானோ ஏறக்குறைய 15 புள்ளியில் தோற்றார். அந்த இழுவை ஆஸின் கணக்கில் எவ்வளவு என்று பிரிக்க வழியில்லை.

மெக்கார்மிக் 2024-இல் மறுபடி நின்று ஜனநாயகக் கட்சியின் செனட்டர் பாப் கேஸியை வென்றதை ஆதாரமாகக் காட்டுவோர் உண்டு. அந்த ஆண்டு அதிபர் தேர்தலும் உடன் நடந்தது, டிரம்ப் மாநிலத்தை 1.7 புள்ளியில் வென்றார். மெக்கார்மிக்கின் முன்னிலை அதைவிடச் சிறியது. சுமார் 69 லட்சம் ஓட்டில் ஏறக்குறைய 15,000. இம்முறையும் 0.5 சதவீதத்துக்குள் வந்ததால் மறு எண்ணிக்கை தொடங்கியது. 69 லட்சத்தில் 0.024 சதவீதம் என்றால் 1,650 ஓட்டு. நவம்பர் 21 அன்று கேஸி ஒப்புக்கொள்ள, எண்ணிக்கை பாதியில் நின்றது.