1200 கோடி குறிப்புகளை யார் பார்த்தார்கள்?

"என் கம்ப்யூட்டர் ராத்திரி முழுக்க வேற்றுக்கிரக சிக்னல் தேடியதே, விடையை யார் பார்த்தார்கள்?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். 1999 மே மாதம் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகம் தொடங்கிய செட்டி அட் ஹோம் திட்டத்தைச் சொல்கிறார். ஊரார் வீட்டுக் கணினிகள் சும்மா இருக்கும் நேரத்தில், இணையம் வழியாக அவற்றுக்குத் தேடும் வேலையைக் கொடுத்த திட்டம் அது. 2020 மார்ச்சோடு வேலை அனுப்புவதை நிறுத்திக்கொண்டார்கள்.

போர்ட்டோரிக்கோ தீவில் இருந்த அரேசிபோ என்ற ரேடியோ தொலைநோக்கி பதிவுசெய்த ரேடியோ அலைகளை 107 விநாடித் துண்டுகளாக நறுக்கி, ஒரே துண்டை ஒன்றுக்கு மேற்பட்ட கணினிகளுக்கு அனுப்புவார்கள். விடைகள் ஒத்துப்போனால் சரி. வாசகரின் கணினி அனுப்பிய விடையும் "ஏலியன்" என்று இருந்திருக்காது. இந்த நேரத்தில், வானத்தின் இந்த இடத்தில், இந்த அதிர்வெண்ணில் சத்தம் கொஞ்சம் தூக்கல் என்ற ஒருவரிக் குறிப்பு, அவ்வளவுதான். அப்படிச் சேர்ந்தவை சுமார் 1200 கோடி. ஏறக்குறைய எல்லாமே வெறும் இரைச்சல், இல்லையென்றால் நம்முடைய ரேடாரும் செயற்கைக்கோளும்.

இதைச் சலிக்கும் விதம்தான் எனக்குப் பிடித்த இடம். பூமி சூரியனைச் சுற்றி விநாடிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. அது ஓடும் திசையில் இருக்கும் நட்சத்திரத்திலிருந்து 1420 மெகாஹெர்ட்ஸில் வரும் சிக்னல், டாப்ளர் விளைவால் (நெருங்கிப் போனால் அதிர்வெண் கூடும், விலகிப் போனால் குறையும்) சுமார் 140 கிலோஹெர்ட்ஸ் கூடித் தெரியும். ஆறு மாதம் கழித்து அதே அளவு குறைந்து தெரியும். தரையில் இருக்கும் ரேடாருக்கு இந்த ஆட்டம் கிடையாது. அதுவும் நம்மோடு சேர்ந்துதானே ஓடுகிறது! ஆகவே பூமியின் ஓட்டத்தைக் கணக்கில் கழித்துவிட்டு, வானத்தின் அதே புள்ளியில், பல மாதம் தள்ளி, அதே அதிர்வெண் மறுபடி வருகிறதா என்று பார்க்கிறார்கள். அனுப்புகிறவரும் தன் கிரகத்தின் ஓட்டத்தைச் சரிக்கட்டி அனுப்பியிருந்தால் கணக்கு இன்னும் சுலபம். தொலைநோக்கி எங்கே திரும்பினாலும் கேட்கிற அதிர்வெண் என்றால் அது நம்மூர்ச் சத்தம், தள்ளு.

சல்லடைக்கும் ஒரு பரீட்சை உண்டு. போலிச் சிக்னல்களை நடுவில் கலந்துவிடுவார்கள். 'பேர்டி' என்று பெயர். அவை கடைசிவரை தப்பி வராவிட்டால், கோளாறு சல்லடையில்தான்.

ஊரார் கணினிகள் இலவசமாகக் கிடைத்தன. சலித்துப் பார்க்க ஆட்களுக்குச் சம்பளம் வேண்டுமே! வேற்றுக்கிரகத் தேடலுக்கான நாசாவின் நிதியை அமெரிக்க காங்கிரஸ் 1993லேயே வெட்டிவிட்டது. கஞ்சத்தனம் என்றுதான் சொல்வேன். இறுதி அலசல் ஜெர்மனியின் ஹானோவரில் உள்ள கணினித் தொகுப்பில் நடந்தது. அப்புறம் மிஞ்சியவற்றை ஆட்கள் உட்கார்ந்து கண்ணால் பார்த்து, சுமார் நூறாகக் குறைத்தார்கள். அரேசிபோ 2020 டிசம்பரில் இடிந்து விழுந்துவிட்டதால், அந்த நூறு இடங்களையும் 2025 ஜூலையிலிருந்து சீனாவின் ஃபாஸ்ட் தொலைநோக்கி திரும்பப் பார்க்கிறது.