டோப்பன்ட்: மாசா, சேர்மானமா?

கேஸ் லைட்டரை அழுத்தினால் ‘டக்’கென்று பொறி பறக்கிறதே, அதற்குள் இருப்பது ஒரு சிறு பீங்கான் துண்டு. அழுத்தினால் மின்னழுத்தம் தரும் இந்தப் பண்பை 1880இல் ஸ்படிகங்களில் கண்டறிந்தவர்கள் ழாக் கியூரி, பியேர் கியூரி சகோதரர்கள். கிரேக்கத்தில் அழுத்துவதைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது ‘பீசோ’. தமிழில் அழுத்தமின் விளைவு. இதுவரை சிக்கல் இல்லை. அந்தப் பீங்கானில் கலக்கும் பொடிக்கு என்ன பெயர் என்பதில்தான் சிக்கல்.

ஆங்கிலத்தில் டோப்பன்ட் என்பார்கள். தோய்த்துச் சாப்பிடும் குழம்பைக் குறித்த டச்சுச் சொல்தான் இதன் வேர். ஆங்கிலத்துக்குப் போய்க் கெட்டியான திரவம், போதை மருந்து என்றெல்லாம் பொருள் மாறி, அப்புறம் குறைகடத்தித் துறைக்குள் நுழைந்தது. நம் பாடநூல்கள் மாசு, மாசூட்டல் என்றன. பல லட்சம் சிலிக்கான் அணுக்களுக்கு ஒன்று என்று கலக்கும் இடத்தில் அது சரி. பீங்கானில் நூற்றுக்கு ஒன்று, இரண்டு என்று நிறுத்துப் போடுகிறார்கள். அதையும் மாசு என்றால், நீக்க வேண்டிய அழுக்கு என்றே வாசகர் நினைப்பார்.

வழக்கமான பீசோ பீங்கானான பி.இசட்.டி.யின் (ஈயம் சிர்க்கோனேட் டைட்டனேட்) எடையில் சுமார் 60 சதவீதம் ஈயம். மின்னணுப் பொருள்களில் ஈயத்தை 2006 முதல் கட்டுப்படுத்திய ஐரோப்பிய ஒன்றியம், சரியான மாற்று இல்லாததால் இந்தப் பீங்கானுக்கு விலக்கு அளித்தது. மாற்றாக வந்தவற்றில் முக்கியமானது பொட்டாசியம் சோடியம் நியோபேட். எதுவும் சேர்க்காமல் சாதாரணமாகச் சுட்டால் இதன் பீசோ குணகம், அதாவது அழுத்தும் விசைக்கு எவ்வளவு மின்சுமை தரும் என்ற அளவு, நியூட்டனுக்கு சுமார் 80 பிகோகூலும்தான். 2004இல் ஜப்பானின் சைட்டோ குழு லித்தியம், டான்டலம், ஆன்டிமனி மூன்றையும் சேர்த்து, படிக மணிகளை ஒரே திசையில் அடுக்கி, 416 வரை கொண்டுபோனது. படிக அமைப்பு மாறும் வெப்பநிலையை இந்தச் சேர்க்கை அறை வெப்பநிலைக்கு அருகே இறக்கிவிடுகிறது; அங்கே மின்முனைவு (படிகத்துக்குள் நேர், எதிர் மின்சுமைகள் விலகி நிற்கும் திசை) எளிதாகத் திரும்பும். ஆனால் சூடு ஏறி இறங்கும்போது பண்பும் கூடவே மாறும்.

இதே பீங்கானில் செம்பைச் சேர்த்தால் விளைவு இதற்கு நேர் எதிர். ஐந்து நேர்மின்சுமை கொண்ட நியோபியத்தின் இடத்தில் இரண்டே கொண்ட செம்பு உட்கார்ந்தால், அந்தக் குறையை ஈடுகட்ட ஆக்சிஜன் இருக்கைகள் சில காலியாகும். காலி இருக்கையும் செம்பும் இணைந்து, மின்முனைவுப் பகுதிகளின் எல்லைச்சுவர்களை நகரவிடாமல் பிடித்துக்கொள்ளும். பீசோ குணகம் பெரிதாக ஏறாது. ஆனால் ஆற்றல் இழப்பு குறையும், எந்திரத் தரக்காரணி, அதாவது ஆற்றலை வீணாக்காமல் அதிரும் திறனின் அளவு, நன்றாக ஏறும். மீயொலிக் கருவிகள்போலத் தொடர்ந்து அதிர வேண்டியவற்றுக்கு இதுதான் தேவை.

போட்ட செம்பு எல்லாம் படிகத்துக்குள் போய்விடுவதும் இல்லை. ஒரு பகுதி மணிகளுக்கிடையே உருகி, குறைந்த வெப்பத்திலேயே பீங்கானை இறுகச் செய்கிறது. உள்ளே போனதை மட்டும் டோப்பன்ட் என்பார்கள்; வெளியே நின்றது சுடுதுணை. இரண்டுக்கும் பொதுவாக, நாட்டு மருந்துக்காரர்கள் இன்றும் புழங்கும் ‘சேர்மானம்’ என்ற சொல்லே பொருத்தம் என்பேன். அளவறிந்து, பயன் கருதிச் சேர்ப்பது என்ற பொருள் அதிலேயே இருக்கிறது. படிகத்துக்குள் அமர்ந்ததைத் தனியாகச் சொல்ல ‘பதிலி அணு’ போதும். ‘சேர்மம்’ என்று மட்டும் சுருக்கிவிடக் கூடாது. வேதியியலில் அது காம்பவுண்டுக்கு உரிய பெயர்.